ஆர்டிஐ ஆவணம் கையில் இருந்தால் எதையும் எழுதலாமா?

(சட்ட ஆலோசனைப் பகுதிக்கு வந்த கடிதம் இது. பெயர், ஊர், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.)

எழுதியவருக்கு வயது 34, தனியார் நிறுவன ஊழியர். சொந்த ஊர் ஒரு கிராம ஊராட்சி. அங்கே போடப்பட்ட 120 மீட்டர் சிமென்ட் சாலை ஒரே மழைக்காலத்தில் பெயர்ந்துவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு மதிப்பீடு, அளவுப் புத்தகம் (முடிந்த வேலையை அளந்து அலுவலர் எழுதிவைக்கும் பதிவேடு), பணம் கொடுத்த வவுச்சர், தரச் சோதனை அறிக்கை ஆகியவற்றைக் கேட்டிருக்கிறார். முதல் மூன்றும் 41ஆம் நாள் வந்தன. தரச் சோதனை அறிக்கைக்கு மட்டும் ‘கோப்பு தேடப்பட்டு வருகிறது’ என்று பதில். அளவுப் புத்தகத்தில் சாலையின் அகலம் 3 மீட்டர் என்று இருக்கிறது. இவர் டேப் வைத்து இரண்டு இடங்களில் அளந்தபோது 2.70 மீட்டர்தான் வந்தது.

அன்று இரவே முகநூலில் எழுதிவிட்டார்: ‘மக்கள் பணம் 6 லட்சம் அம்போ! ஓவர்சியரும் காண்ட்ராக்டரும் கூட்டுச் சேர்ந்து அடித்த கொள்ளைக்கு இதோ ஆதாரம். இன்னும் ஒரு ஃபைலை ஒளித்து வைத்திருக்கிறார்கள். பங்கு எங்கெல்லாம் போனதோ?’ கூடவே மூன்று ஆவணங்களின் படங்களும். வவுச்சரில் ஒப்பந்ததாரரின் வங்கிக் கணக்கு எண்ணும் கைபேசி எண்ணும் தெளிவாகத் தெரிகின்றன. யார் யாரோ அந்த எண்ணுக்கு அழைத்துத் திட்டியிருக்கிறார்கள். ஒருமுறை போனை எடுத்தது அவருடைய பள்ளிக்கூடம் போகும் மகள். இப்போது ஒப்பந்ததாரரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது: 15 நாளுக்குள் மன்னிப்பும் 10 லட்சம் நஷ்டஈடும் வேண்டுமாம்.

வீட்டிலும் ஊரிலும் ஆளுக்கொரு பேச்சு. ‘கவர்ன்மென்ட் பேப்பரே கையில் இருக்கு, உண்மையைச் சொன்னா யார் என்ன செய்ய முடியும்?’ என்கிறார் மாமா. ‘நிர்வாகத்தில் குறை இருந்தால் மேலதிகாரிக்கு மனுக் கொடுக்க வேண்டும், தெருவில் கொண்டுவந்து பேசுவது அறமல்ல’ என்கிறார் ஊரில் மதிக்கப்படும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஐடி சட்டத்தில் போலீஸ் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று மனைவிக்குப் பயம். நான் எழுதியது தப்பா, உண்மை என்றால் போதாதா, எழுதுவதற்கு முன் அவர்களைக் கேட்டிருக்க வேண்டுமா என்று கேட்கிறார் வாசகர். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: ‘என் சித்தப்பா மகனும் அந்த வேலைக்கு டெண்டர் போட்டு, கிடைக்காமல் போனவர்தான், ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.’

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் மனைவியின் பயத்தைப் போக்கிவிடுகிறேன். அவர் நினைக்கிற ‘ஐடி சட்டம்’, இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவாகத்தான் இருக்க வேண்டும். ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை 2015 மார்ச்சிலேயே அரசமைப்புக்கு முரணானது என்று நீக்கிவிட்டது. மிச்சம் இருப்பது அவதூறு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவில் அதற்கு இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அபராதம், இரண்டும் சேர்த்து, அல்லது சமூக சேவை என்று தண்டனை உண்டு. ஆனால் பிடியாணை இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் அல்ல அது; பிணையும் உரிமையாகவே கிடைக்கும். நடுராத்திரியில் கதவைத் தட்டுவார்கள் என்று அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது தலைமையாசிரியர். அவர் மேல் எனக்கும் மரியாதை உண்டு, ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொல்வது சரியில்லை. பொது ஊழியர்கள் பொதுப்பணியாகச் செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்று ராஜ் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி ஐம்பது ஆண்டு ஆகிறது; அது 1975. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. எதற்காகத் தகவல் கேட்கிறாய் என்று மனுதாரரைக் கேட்கவே கூடாது என்கிறது அதன் 6(2) பிரிவு. கேட்டு வாங்கியதைப் பீரோவில் பூட்டி வைப்பதற்கா இவ்வளவும்? முதலில் மேலதிகாரியிடம் மனு, அவர் கைவிட்டால் அப்புறம் ஊரிடம் பேச்சு என்று வரிசை எதையும் சட்டம் வகுக்கவில்லை. தெருவில் போட்ட சாலையைப் பற்றித் தெருவில் பேசுவதில் அறக்கேடு ஒன்றும் இல்லை. கிராம சபை என்று ஒன்றை வைத்திருப்பதே அதற்காகத்தானே.

ஆக, எழுதியது தப்பா என்ற கேள்விக்கு என் பதில்: எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் நீங்கள் எழுதிய விதத்தில் நான் பார்க்கும் கோளாறுகள் சில உண்டு. அவற்றில் இரண்டு, வழக்கே வராவிட்டாலும் கோளாறுதான்.

உண்மை என்றால் போதுமா?

மாமா சொன்னது பாதி சரி. நஷ்டஈடு கேட்டு சிவில் நீதிமன்றத்துக்குப் போனால், சொன்னது உண்மை என்று நிரூபிப்பதே முழுத் தற்காப்பு. குற்றவியல் அவதூறில் அப்படியில்லை. சொன்னது உண்மையாக இருக்க வேண்டும், அதைச் சொன்னது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். அவதூறுப் பிரிவின் முதல் விதிவிலக்கு கேட்பது இரண்டையும்தான். பழைய சட்டத்தில் இருந்த அந்தக் குற்றப்பிரிவே வேண்டாம் என்று சுப்பிரமணியன் சுவாமி உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், 2016இல் உச்ச நீதிமன்றம் பிரிவு செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆகவே அது புதிய சட்டத்திலும் இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறது. சாலைக்குச் செலவான பணத்தைப் பற்றிப் பேசுவது பொது நன்மை என்று காட்டுவது உங்களுக்குப் பெரிய கஷ்டமாக இருக்காது. கஷ்டம் எல்லாம் முதல் பாதியில்தான். நீங்கள் எழுதியதில் எவ்வளவு உண்மை?

பதிவை வரி வரியாகப் பார்ப்போம். ‘6 லட்சம் அம்போ’ என்கிறீர்கள். 6 லட்சம் என்பது மதிப்பீட்டில் உள்ள தொகை. வேலை தொடங்கும் முன் போடும் கணக்கு அது. ஜிஎஸ்டி, தொழிலாளர் நல வரி, சில்லறைச் செலவு என்று பலதும் அதில் சேர்ந்திருக்கும். உண்மையில் கொடுத்த பணம் எவ்வளவு என்று வவுச்சரும் அளவுப் புத்தகமும்தான் சொல்லும். நீங்கள் அனுப்பிய வவுச்சரில் 5,46,000 ரூபாய் இருக்கிறது. பதிவிலேயே அந்தப் படத்தையும் போட்டுவிட்டு, மேலே 6 லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் விரல் வைக்கப்போவது அங்கேதான்.

அதைவிடப் பெரிய இடறல் ஒன்று இருக்கிறது. நீங்கள் அளந்தது சரியென்றே வைத்துக்கொள்வோம். 3 மீட்டரில் 30 சென்டிமீட்டர் குறைவு. 120 மீட்டர் நீளத்துக்கு 360 சதுர மீட்டர் போட்டிருக்க வேண்டும், போட்டது 324. பத்தில் ஒரு பங்கு குறைகிறது. பணத்தில் தோராயமாக 55 ஆயிரம் ரூபாய். 55 ஆயிரம் மக்கள் பணம் போனாலும் கேட்க வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் 55 ஆயிரத்துக்கு ஆதாரம் வைத்துக்கொண்டு 6 லட்சம் என்று எழுதினால், உங்கள் ஆவணமே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். சாலை பெயர்ந்துபோனது தனி விஷயம். தரம் மோசம் என்றால் முழுத் தொகையும் வீண் என்று வாதிடலாம். அதற்குத் தேவையான அறிக்கைதான் உங்கள் கையில் இல்லையே.

அளந்ததும் சரிதானா? மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், வக்கீல் புத்தி கேட்கச் சொல்கிறது. கான்கிரீட் சாலையின் இரண்டு ஓரத்திலும் மண் அணைப்பார்கள். மழைக்குப் பிறகு அந்த மண் சாலை மேலேயே ஏறிப் படிந்துகிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பக்கத்துக்கு 15 சென்டிமீட்டர் மண்ணுக்கடியில் போயிருந்தால் உங்கள் 30 சென்டிமீட்டர் கணக்கு அங்கேயே தீர்ந்தது. ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. 120 மீட்டரில் இரண்டே இடத்தில் அளந்தேன் என்று நீங்களே சொல்கிறீர்கள்.

இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது, பலருக்கும் தெரிவதில்லை. தகவல் அறியும் உரிமை என்றால் நகல் வாங்குவது மட்டும் என்று நினைக்கிறோம். 2(ஜே) பிரிவைப் படித்துப் பாருங்கள். பணியை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் குடிமகனுக்கு உரிமை உண்டு. அந்தச் சாலையின் கான்கிரீட் மாதிரியையே கேட்கலாம். அலுவலரை வைத்துக்கொண்டு, மண்ணை ஒதுக்கி, பத்து இடத்தில் அளந்து குறித்து வாங்குங்கள். அப்படிக் கிடைத்த 2.70 வேறு, நீங்கள் சாயங்காலம் தனியாகப் போய் அளந்த 2.70 வேறு.

‘கூட்டுச் சேர்ந்து அடித்த கொள்ளை’ என்று எந்த ஆவணத்தில் இருக்கிறது? அது நீங்கள் ஊகித்தது. ஊகிக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பொது ஊழியர் தம் கடமையைச் செய்த விதம் பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்துக்கு அவதூறுச் சட்டத்தில் தனி விதிவிலக்கே இருக்கிறது. ‘அளவைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது’ என்பது கருத்து. ‘கொள்ளையடித்தார்கள்’ என்பது குற்றச்சாட்டு. அளவு குறைந்ததற்குக் காரணம் பணமாகவும் இருக்கலாம், சோம்பலாகவும் இருக்கலாம், இடம் கொடுக்காத பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். நோக்கம் என்ன என்று தாள் சொல்லாது.

‘பங்கு எங்கெல்லாம் போனதோ?’ என்று கேள்வியாகப் போட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கேள்விக்குறி கேடயம் ஆகாது. குத்தலாகவோ, இதுவா அதுவா என்கிற பாணியிலோ சொன்னாலும் அவதூறு ஆகலாம் என்று பிரிவின் விளக்கமே சொல்கிறது. பெயர் போடவில்லை என்பதும் உதவாது. உங்கள் பகுதிக்கு ஓவர்சியர் ஒருவர்தான்.

‘ஃபைலை ஒளித்து வைத்திருக்கிறார்கள்’ என்பதற்கும் அதே பதில். 30 நாளில் பதில் தராமல் 41 நாள் இழுத்தது சட்டமீறல், சந்தேகமில்லை. கெடு தாண்டியதால் அந்த நகல்களைக் கட்டணமின்றியே தந்திருக்க வேண்டும். தகவல் ஆணையம் நினைத்தால் பொதுத் தகவல் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம், 25 ஆயிரத்துக்கு மிகாமல் அபராதமும் போடலாம். ‘கோப்பு தேடப்படுகிறது’ என்பது மறுப்பதற்குரிய காரணமாகச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. கோப்பு காணோம் என்று சொல்லி ஓர் அலுவலகம் கைகழுவ முடியாது, தீரத் தேடவும் பொறுப்பானவரைக் கண்டறியவும் வேண்டும் என்று 2013இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இவ்வளவும் உங்கள் பக்கம்தான். ஆனால் பதில் வராதது திருட்டுக்கு ஆதாரம் ஆகாது. அரசு அலுவலக ரெக்கார்டு அறையை ஒருமுறை எட்டிப் பார்த்தவர்கள், ஒளிக்காமலே கோப்பு தொலையும் என்று சத்தியம் செய்வார்கள்.

முன்பே கேட்டிருக்க வேண்டுமா?

கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்கிறேன். குற்றவியல் சட்டத்தில் ‘நல்லெண்ணம்’ என்றால் நல்ல மனசு என்று பொருள் இல்லை; உரிய கவனத்தோடும் எச்சரிக்கையோடும் செய்தது என்று பொருள். கவனம் எடுத்தீர்களா என்று நீதிபதி எதை வைத்துப் பார்ப்பார்? சம்பந்தப்பட்டவரிடம் கேட்டீர்களா என்பதுதான் முதல் அளவுகோல்.

தமிழ்நாட்டிலிருந்தே இதற்கு ஒரு முன்மாதிரி வழக்கு இருக்கிறது. கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது எழுந்த ஆர். ராஜகோபால் வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுக்கோ உள்ளாட்சி அமைப்புக்கோ அவதூறுக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடும் உரிமை கிடையாது. பொது ஊழியரின் கடமை தொடர்பாக எழுதியது பின்னால் தவறாகவே தெரியவந்தாலும், எழுதியவர் நியாயமான அளவுக்குச் சரிபார்த்த பிறகுதான் எழுதினார் என்று காட்டினால் போதும். உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தால்தான் மாட்டுவார். உங்கள் ஓவர்சியர் சிவில் வழக்குப் போட்டால் இந்தத் தீர்ப்பு உங்களுக்குப் பெரிய துணை. ஆனால் நோட்டீஸ் அனுப்பியவர் ஒப்பந்ததாரர். அவர் பொது ஊழியர் அல்ல, தனியார். பொதுப் பிரச்சினை சம்பந்தமான நடத்தையைப் பற்றிச் சொன்ன கருத்து என்ற விதிவிலக்கை அவர் விஷயத்தில் வாதிடலாம்தான். ஆனாலும் ராஜகோபால் தீர்ப்பின் முழு நிழல் அவர்மீது விழாது. மாமாவிடம் இந்த வித்தியாசத்தையும் சொல்லுங்கள்.

சட்டத்தை விடுங்கள். இந்த நாட்டில் வெளிப்படைத்தன்மைக்கான போராட்டம் எப்படித் தொடங்கியது என்று பார்த்தாலே இதற்கு விடை கிடைக்கும். 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா என்ற கிராமத்தில், அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர்-விவசாயிகள் அமைப்பு முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. கூலிப் பட்டியலைக் கூட்டத்தில் உரக்கப் படித்தார்கள். பெயர் இருந்தவரை எழுப்பி, வேலை செய்தாயா, கூலி வாங்கினாயா என்று ஊர் முன்னால் கேட்டார்கள். இந்த விசாரணைகளுக்கு அதிகாரிகளையும் அழைத்தார்கள். வந்தவர் பேச மேடையில் இடமும் இருந்தது. ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்று கோஷம் போட்டவர்கள்தான், ஆனால் தாளில் உள்ளதையும் சாட்சி சொன்னதையும் கலக்காமல் தனித்தனியாக வைத்தார்கள். யார் எத்தனை ரூபாய் என்பதில் விட்டுக்கொடுக்கவே இல்லை. 2005இல் வந்த சட்டத்துக்கு அந்தக் கூட்டங்கள்தான் விதை.

சின்னச் சந்தேகத்துக்கு இரண்டு மூன்று நாள், ‘பணம் வாங்கினார்’ போன்ற பெரிய குற்றச்சாட்டுக்கு ஒரு வாரம் பத்து நாள் என்று அவகாசம் கொடுத்து எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால், ‘இந்தத் தேதியில் கேட்டேன், பதில் இல்லை’ என்று எழுதுங்கள். வந்தால் பதிலை அப்படியே போடுங்கள், உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும்.

அந்தக் கைபேசி எண்

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே போய் அந்த வவுச்சர் படத்தை எடுத்துவிடுங்கள். வழக்குக்குப் பயந்து சொல்லவில்லை. ஒப்பந்ததாரரின் வங்கிக் கணக்கு எண் தெரிவதால் ஊருக்கு என்ன பயன்? பள்ளிக்கூடம் போகிற பெண் யாரோ ஒருவரின் வசவைக் கேட்டிருக்கிறாள். நீங்கள் திட்டவில்லை, ஆனால் எண்ணைக் கொடுத்தது நீங்கள்தான். என்னைக் கேட்டால் உங்கள் பதிவில் மன்னிக்கக் கடினமான பகுதி இதுதான். ‘கொள்ளை’ என்ற சொல்கூட இதற்கு அப்புறம்தான்.

அரசு கொடுத்த தாள்தானே என்று கேட்பீர்கள். தாளை உங்களுக்குக் கொடுத்தார்கள். ஊருக்கே ஒட்டச் சொல்லிக் கொடுக்கவில்லை. தனிப்பட்ட எண்களைக் கறுப்படித்துவிட்டுத் தந்திருக்க வேண்டியது அலுவலகத்தின் வேலை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 10ஆவது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. அவர்கள் செய்யவில்லை என்பதால் நீங்களும் செய்யாமல் விடலாமா? ஆதார் எண் ஏதாவது தாளில் இருந்தால் இன்னும் கவனம். அதைப் பொதுவில் போடக் கூடாது என்று ஆதார் சட்டமே சொல்கிறது.

இதில் பொதுநலக் கணக்கு ஒன்றும் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவில் முன்பு, பொதுப்பணியோடு தொடர்பில்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடுகிற தனிப்பட்ட தகவலை மட்டுமே மறுக்கலாம் என்று இருந்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் அதைச் சுருக்கி, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கிவிட்டது; அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. தனிப்பட்ட நலனைவிடப் பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்ற 8(2) பிரிவு மட்டும் இன்னும் இருக்கிறது. திருத்தத்தை எதிர்ப்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் ‘ஆர்டிஐக்காரர்கள் போன் நம்பரைப் போட்டு ஆளை அனுப்புகிறார்கள்’ என்று அலுவலகத்தில் யாராவது முணுமுணுத்தால், உங்கள் பதிவை அவர்கள் உதாரணமாகக் காட்டுவார்கள். அந்த வாய்ப்பை ஏன் கொடுக்க வேண்டும்?

கடைசியில் எழுதிய அந்த ஒரு வரி

சித்தப்பா மகன் விஷயத்துக்கு வருகிறேன். ‘அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை’ என்கிறீர்கள். உங்களுக்கு அப்படித் தோன்றுவதை நம்புகிறேன். ஆனால் படிக்கிறவருக்கு எப்படித் தோன்றும்? டெண்டர் கிடைக்காதவரின் அண்ணன், டெண்டர் கிடைத்தவரைக் கொள்ளைக்காரன் என்கிறார். நீங்கள் சொல்லாமல் விட்டு நாளை இன்னொருவர் சொன்னால், அளவுப் புத்தகத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். பேச்செல்லாம் உங்கள் குடும்பத்தைப் பற்றியே இருக்கும். நீதிமன்றத்திலும் பொது நன்மைக்காக எழுதினீர்களா, பகைக்காக எழுதினீர்களா என்ற கேள்வி அங்கேதான் வந்து நிற்கும்.

உறவினர் போட்டியாளராக இருப்பதால் நீங்கள் பேசவே கூடாது என்றில்லை. பல ஊர்களில் முறைகேடு வெளியே வருவதே இப்படித் தோற்றவர் ஒருவர் வாய் திறப்பதால்தான். அவருக்குத்தான் விலை, அளவு எல்லாம் தெரியும். பேசலாம், சொல்லிவிட்டுப் பேச வேண்டும். யார் யாருக்கு உறவு, எந்தக் கையெழுத்துக்கு என்ன பின்னணி என்று அலுவலகத்திடம் கேட்கிற நீங்கள், அதே கேள்விக்கு உங்கள் பக்கத்துப் பதிலை ஒளித்தால் எப்படி?

என்னிடம் பதிவை முன்பே காட்டியிருந்தால் இப்படித் திருத்தியிருப்பேன்:

‘எங்கள் தெரு சிமென்ட் சாலைக்கு 5,46,000 ரூபாய் கொடுக்கப்பட்டதாக வவுச்சரில் இருக்கிறது. அளவுப் புத்தகத்தில் அகலம் 3 மீட்டர். நான் இரண்டு இடங்களில் அளந்தபோது 2.70 மீட்டர் வந்தது. ஓரத்தில் மண் மூடியிருக்கலாம். சுரண்டிப் பார்க்கவில்லை, கூட்டாக அளக்க மனுக் கொடுத்திருக்கிறேன். தரச் சோதனை அறிக்கை கிடைக்கவில்லை, மேல்முறையீடு செய்கிறேன். வேறுபாட்டுக்கு விளக்கம் கேட்டு ஒன்றிய அலுவலகத்துக்கும் ஒப்பந்ததாரருக்கும் எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் போடுவேன். இந்த வேலைக்கு டெண்டர் போட்டவர்களில் என் சித்தப்பா மகனும் ஒருவர்.’

காரம் இல்லையே என்று தோன்றும். ஆனால் இதைப் படிக்கும்போதுதான் ஓவர்சியருக்கு வியர்க்கும். பழைய பதிவுக்கு அவர் கோபப்பட்டால் போதும். இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நோட்டீஸுக்கு என்ன செய்வது?

நோட்டீஸ் என்பது வழக்கு அல்ல. 10 லட்சம் என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். யாரும் எதையும் கேட்கலாம். ஆனால் பதில் போடாமல் விடாதீர்கள். ஓர் ஆண்டுக்குள் அவர் சிவில் வழக்குப் போடலாம். குற்றவியல் புகாருக்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. புகார் கொடுத்தாலும், விசாரணைக்கு எடுக்கும் முன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223ஆவது பிரிவு சொல்கிறது. அங்கே உங்கள் கவனமும் ஆவணங்களும் பேசும்.

பதிவை என்ன செய்யலாம்? மூன்று வழி தெரிகிறது. அப்படியே விடுவது வீம்பு. 6 லட்சம் தவறு என்று தெரிந்த பிறகும் விட்டுவைத்தால் ‘தெரிந்தே செய்தார்’ என்று ஆகிவிடும். சத்தமில்லாமல் அழித்துவிடுவது இரண்டாவது. ஸ்கிரீன்ஷாட் அவர்களிடம் இருக்கும், பயந்து ஓடிவிட்டார் என்ற பேச்சும் வரும், சாலைக் கேள்வியும் அதோடு செத்துப்போகும். நான் சொல்வது மூன்றாவதை: முதலில் எல்லாவற்றையும் தேதியோடு சேமித்துக்கொள்ளுங்கள், எண்கள் உள்ள படத்தை எடுத்துவிடுங்கள், ‘தொகை 6 லட்சம் என்று எழுதியது பிழை, வவுச்சர்ப்படி 5,46,000. கொள்ளை, கூட்டு என்ற சொற்களைத் திரும்பப் பெறுகிறேன். அளவு பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது’ என்று திருத்தம் போடுங்கள். வாசகத்தை உங்கள் வக்கீல் ஒருமுறை பார்க்கட்டும்; நோட்டீஸுக்கான பதிலும் திருத்தமும் ஒன்றையொன்று முட்டக் கூடாது. கைபேசி எண் வெளியானதற்கு மட்டும் தயங்காமல் வருத்தம் தெரிவியுங்கள். 10 லட்சத்துக்கு ஒரு பைசாகூட ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். வருமான வரம்புக்குள் வந்தால் இலவசமாகவே அமர்த்தித் தருவார்கள்.

இன்னொன்று அவசரம். ஆர்டிஐ பதில் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் 19(1) பிரிவின் கீழ் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். நீங்கள் குறிப்பிட்ட தேதிப்படி மூன்று வாரம் ஓடிவிட்டது. நோட்டீஸ் கவலையில் இதைக் கோட்டைவிட்டால், உண்மையில் தேவைப்படுகிற தரச் சோதனை அறிக்கை கைநழுவிவிடும். நாளைக் காலை அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் லீவு சொல்லிவிட்டு, மேல்முறையீட்டு மனுவை ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். பணியை நேரில் ஆய்வு செய்யவும் மாதிரி எடுக்கவும் புதிய மனு ஒன்றைத் தனியாகப் போடுங்கள். மேல்முறையீட்டில் அதைச் சேர்த்தால் தள்ளிவிடுவார்கள். வக்கீலைப் பார்க்கும்போது நோட்டீஸ் வந்த உறையையும் எடுத்துப் போங்கள், 15 நாள் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று அதிலுள்ள தபால் முத்திரையை வைத்துத்தான் அவர் பார்ப்பார்.